169.254 என்று தொடங்கும் ஐபி முகவரி வந்தால் எங்கே தேடுவது?

கேள்வியின் சுருக்கம் இது. ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்து தரும் ஒரு கடை. ஒரு ரவுட்டர், அதிலிருந்து ஒரு சுவிட்ச் (பல கணினிகளின் நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி), சுவிட்சில் கேபிள் வழியாக 4 கணினிகள். மூன்றில் இணையம் ஒழுங்காக வருகிறது. விண்டோஸ் 10 உள்ள நான்காவதில் மட்டும் 169.254.83.12 என்று ஏதோ ஒரு முகவரி, மற்றவற்றில் 192.168.1 என்று தொடங்குகிறது. அந்தக் கணினியைத் தினமும் போடுவதில்லை, கூட்டம் வந்தால்தான். ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகிறது, சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. பிரிண்ட் எடுக்க வருபவர்களுக்கும் வைஃபை பாஸ்வேர்டு கொடுப்பது வழக்கம். சர்வீஸ்காரர், "விண்டோஸை ஃபார்மேட் செய்துதான் போட வேண்டும்" என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் அந்தக் கணினியின் மேல் எனக்குச் சந்தேகமே குறைவு. ரவுட்டரில் கொடுப்பதற்கு முகவரி தீர்ந்து போயிருக்கும் என்றுதான் படுகிறது. ஆனால் அது ஊகம். சோதித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளலாம். சோதனைகளுக்குக் காசு செலவில்லை.

முதலில் அந்த 169.254 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். ரவுட்டர் கொடுத்த முகவரி அல்ல அது. கணினி தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. கேபிளைச் செருகியதும் கணினி, "இங்கே முகவரி கொடுப்பவர் யாராவது இருக்கிறீர்களா?" என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும்படி ஒரு செய்தி அனுப்பும். இதற்குப் பெயர் டிஸ்கவர். தனக்கென்று முகவரி இன்னும் இல்லாததால் அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், யாரிடம் கேட்பது என்று தெரியாததால் பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் போட்டு அனுப்பும். ரவுட்டருக்குள் இருந்து முகவரி கொடுக்கும் பகுதியான டிஎச்சிபி சர்வர், "இந்த முகவரி காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்று ஆஃபர் அனுப்பும். கணினி "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று ரிக்வெஸ்ட் அனுப்பும். சர்வர் "சரி, இத்தனை மணி நேரத்துக்கு உன்னுடையது" என்று ஒப்புதல் தரும். நாலே செய்திகள். சர்வர் யுடிபி 67-ஆம் போர்ட்டிலும் கணினி 68-ஆம் போர்ட்டிலும் பேசிக்கொள்ளும்.

1993-இல் வரையறுக்கப்பட்ட ஏற்பாடு இது. இன்று நாம் பயன்படுத்தும் வடிவம் 1997-இல் ரால்ஃப் டிரோம்ஸ் எழுதிய ஆர்எஃப்சி 2131 என்ற இணைய விதி ஆவணம். அதற்கு அடுத்த வருடம் வந்த விண்டோஸ் 98-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு வசதியைச் சேர்த்தது: பலமுறை கேட்டும் பதில் வராவிட்டால், 169.254 வரிசையிலிருந்து ஒன்றைக் கணினியே தேர்ந்தெடுத்து, வேறு யாரும் அதை வைத்திருக்கவில்லை என்று கேட்டுப் பார்த்துவிட்டு, எடுத்துக்கொள்ளும். 2005-இல் ஆர்எஃப்சி 3927 இதைப் பொது விதியாக்கியது. ரவுட்டரே இல்லாமல் இரண்டு கணினிகளை ஒரு கேபிளால் இணைத்து ஃபைல் மாற்றிக்கொள்ள இது உண்மையிலேயே உதவும். ஆனால் இந்த வரிசையில் உள்ள முகவரியை எந்த ரவுட்டரும் வெளியே அனுப்பக் கூடாது என்பதும் அதே விதி. அதனால் இணையம் வராது. விண்டோஸ் சும்மா இருப்பதில்லை. சுமார் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பின்னணியில் சர்வரைத் தேடிக்கொண்டே இருக்கும்.

இதில் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. முகவரி எல்லாம் தீர்ந்துவிட்டால், "இடமில்லை" என்று சொல்ல இந்த நாலு செய்திகளுக்குள் வழியே கிடையாது. சர்வர் பேசாமல் இருந்துவிடும், அவ்வளவுதான். கேபிள் அறுந்து டிஸ்கவர் போய்ச் சேராவிட்டாலும் மௌனம், சர்வர் செத்திருந்தாலும் மௌனம், போன செய்தியை ஃபயர்வால் விழுங்கினாலும் மௌனம். கணினியின் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே 169.254தான். அந்த எண்ணை உற்றுப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க முடியாது. பேச்சு எந்த இடத்தில் அறுந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

"மற்ற மூன்றும் வேலை செய்கிறதே, அப்போது ரவுட்டர் நன்றாகத்தானே இருக்கிறது?" என்ற வாதத்தையும் நம்பாதீர்கள். சர்வீஸ்காரர் அதை வைத்துத்தான் விண்டோஸைக் குற்றம் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அந்த மூன்றும் முன்பே முகவரி வாங்கி வைத்திருப்பவை. கொடுத்த காலத்தில் பாதி கழிந்ததும் அதே முகவரியை நீட்டித்துத் தரும்படி சர்வரிடம் நேரடியாகக் கேட்கும்; பதில் இல்லாவிட்டால் 87.5 சதவீதம் கழிந்ததும் எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி கேட்கும். தினமும் ஓடும் கணினிக்கு அதன் இடம் பறிபோகாது. எப்போதாவது போடும் நான்காவதுதான் ஒவ்வொரு முறையும் புதிதாக வரிசையில் நிற்கிறது.

சரி, சோதனைக்கு வருவோம். விண்டோஸ் மேல் பழி இருக்கிறதா என்பதை இரண்டு நிமிடத்தில் தீர்த்துவிடலாம். ஒரு ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் அந்தக் கணினியில் இணைத்து, போனின் இணையத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குத் தரும் யுஎஸ்பி டெதரிங்கைப் போனில் ஆன் செய்யுங்கள். இப்போது போன்தான் டிஎச்சிபி சர்வர். கணினிக்கு 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரி கிடைத்து இணையம் வந்துவிட்டால், விண்டோஸுக்கு முகவரி கேட்டு வாங்கத் தெரிகிறது என்று அர்த்தம். ஃபார்மேட் பேச்சை அத்தோடு விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது நெட்வொர்க் கார்டு, அதன் டிரைவர், கேபிள், சுவிட்ச், ரவுட்டர். போனிலிருந்தும் 169.254தான் வருகிறதென்றால் கணினிக்குள் தேட வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து கட்டளைகளைத் தட்டும் ஜன்னலான கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுங்கள். (கட்டளைகளை ஒலிப்படி எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) நீளமாக ஓடும். பதற வேண்டாம், பாதிக்கு மேல் நமக்குத் தேவையில்லை. விர்ச்சுவல் மெஷின், விபிஎன், ப்ளூடூத் என்று ஆளாளுக்கு ஒரு போலி நெட்வொர்க் கார்டை உள்ளே வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அவற்றில் ஒன்றில் 169.254 இருந்தால் அது பிழையே இல்லை. அதைப் பார்த்துவிட்டு நாள் முழுவதும் தவறான இடத்தில் தோண்டுகிறவர்கள் நிறையப் பேர். ஈத்தர்நெட் என்ற பெயரில் உங்கள் உண்மையான கார்டு இருக்கும் பத்தியை மட்டும் பாருங்கள். அங்கே 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று இருந்தால் கேபிளே சேரவில்லை, இந்தப் பதிலின் மீதி எதற்கும் அவசியமில்லை. 'டிஎச்சிபி எனேபிள்டு' வரியில் 'நோ' என்று இருந்தால் யாரோ கையால் முகவரி போட்டு வைத்திருக்கிறார்கள். 'யெஸ்' என்று இருந்து, முகவரி வரியின் தொடக்கத்தில் 'ஆட்டோகான்ஃபிகரேஷன்' என்ற சொல்லும் இருந்தால் நாம் பேசும் அதே நோய்தான்.

இனி முக்கியமான சோதனை. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதைத்தான் முதலில் செய்வேன், ஏனோ பலரும் இதைத் தாண்டிவிட்டு ரீசெட் கட்டளைகளுக்குப் போய்விடுகிறார்கள். கணினிக்குத் தற்காலிகமாகக் கையால் ஒரு முகவரி கொடுத்து ரவுட்டரோடு பேச வைப்பது. நன்றாக ஓடும் கணினியில் 'ஐபிகான்ஃபிக்' கொடுத்து டிஃபால்ட் கேட்வே, அதாவது ரவுட்டரின் முகவரி, என்ன என்று பாருங்கள்; உங்களுக்கு 192.168.1.1 ஆக இருக்கலாம். ரவுட்டர் வழக்கமாகக் கொடுக்கும் வரம்புக்கு வெளியே ஓர் எண், 192.168.1.240 என்று வைத்துக்கொள்வோம், காலியாக இருக்கிறதா என்று அந்த நல்ல கணினியிலிருந்து பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) செய்து பாருங்கள். பதில் வராததால் மட்டும் காலி என்று முடிவு செய்ய முடியாது. பல விண்டோஸ் கணினிகளின் ஃபயர்வால் பிங்குக்குப் பதில் சொல்லாது. பிங் செய்த கையோடு 'ஏஆர்பி -ஏ' கொடுங்கள். பட்டியலில் 240-க்கு நேரே ஒரு மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இருந்தால் அங்கே ஆள் இருக்கிறது, வேறு எண் பாருங்கள்.

காலியான எண்ணை நான்காவது கணினியின் ஐபிவி4 அமைப்பில் போட்டு, சப்நெட் மாஸ்க் 255.255.255.0, கேட்வே 192.168.1.1 கொடுத்துவிட்டு, அங்கிருந்து 'பிங் 192.168.1.1' கொடுங்கள். பதிலைப் படிக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று வரும் வரியையும் விண்டோஸ் பதிலாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, கீழே இழப்பு 0 சதவீதம் என்று காட்டும். உண்மையில் அந்த வரியைச் சொல்வது உங்கள் கணினியேதான். வரியின் தொடக்கத்தில் 192.168.1.240 என்று தன் சொந்த முகவரியையே போட்டிருக்கும். 192.168.1.1-இலிருந்து பதில் வந்து, எத்தனை மில்லிசெகண்ட் என்ற எண்ணும் இருந்தால்தான் வெற்றி.

பிங் போகவில்லையா? அப்படியானால் டிஎச்சிபியை மறந்துவிடுங்கள். சிக்கல் அதற்குக் கீழே, கம்பியில். நன்றாக ஓடும் கணினியின் கேபிளைப் பிடுங்கி இதில் போடுங்கள். சுவிட்சின் அந்த முனையை அசைக்க வேண்டாம், கணினி முனையை மட்டும் மாற்றுங்கள். ஓடினால் பழைய கேபிளோ, அது செருகியிருந்த சுவிட்ச் போர்ட்டோ கெட்டுப்போயிருக்கிறது. விளக்கு எரிகிறதே என்று வாதாட வேண்டாம். விளக்கு எரிய அரைகுறை இணைப்பே போதும். கிகாபிட் வேகத்துக்கு கேபிளின் 4 ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 ஜோடி போதும். அதனால் கம்பி ஒன்று விட்டுப்போன கேபிள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு இழுத்துப் பறித்து ஓடும். நெட்வொர்க் கார்டின் ஸ்டேட்டஸில் 1 ஜிபிபிஎஸ் இருக்க வேண்டிய இடத்தில் 100 அல்லது 10 காட்டினால் முதல் சந்தேகம் கேபிள் மேல். மேசைக்கு அடியில் நாற்காலிச் சக்கரம் ஏறி இறங்கும் கேபிள்கள் இப்படித்தான் போகும்.

எல்லாக் கணினிகளும் ஒரே நேரத்தில் விழுந்தால் வேறொன்றைப் பாருங்கள்: ஒரே கேபிளின் இரண்டு முனையையும் அதே சுவிட்சில் யாராவது செருகியிருக்கலாம். சுத்தம் செய்தவர் தொங்கிய முனையைப் பார்த்துக் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டுப் போவது நடப்பதுதான். சாதாரண மலிவு சுவிட்சில் டிஸ்கவர் போன்ற பொதுச் செய்திகள் அந்த வட்டத்திலேயே சுற்றிச் சுற்றிப் பெருகி எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். பெரிய அலுவலகங்களில் இதைத் தடுக்க ஸ்பேனிங் ட்ரீ என்ற ஏற்பாடு இருக்கும். அதற்கும் ஒரு பக்கவிளைவு உண்டு. கேபிள் செருகியதும் 15 செகண்ட் கேட்பது, 15 செகண்ட் கற்பது என்று 30 செகண்ட் போர்ட்டைத் திறக்காது. அதற்குள் கணினி கேட்டுச் சலித்து 169.254-க்குப் போய்விடலாம். கணினி மட்டும் இணையும் போர்ட்டுகளுக்கு, இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போடுவது அதற்காகத்தான். உங்கள் கடைக்கு இது தேவைப்படாது.

பிங் போகிறதா? கேபிள், சுவிட்ச், நெட்வொர்க் கார்டு எல்லாம் நலம். முகவரி கொடுப்பதில்தான் தகராறு. உங்கள் விஷயத்தில் இங்கேதான் வந்து நிற்பீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்போது ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் டிஎச்சிபி பகுதியைப் பாருங்கள். இரண்டு விஷயம் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை கொடுக்கிறது, எவ்வளவு நேரத்துக்குக் கொடுக்கிறது. உதாரணத்துக்கு 100 முதல் 149 வரை என்று இருந்தால் 50 முகவரிதான். கொடுக்கும் நேரம், அதாவது லீஸ் நேரம், 24 மணி என்று வையுங்கள். காலையில் ஒருவர் பிரிண்ட் எடுக்க வந்து 5 நிமிடம் வைஃபையில் இணைந்துவிட்டுப் போனால், அவர் போனுக்குக் கொடுத்த முகவரி மறுநாள் காலை வரை அவர் பெயரிலேயே கிடக்கும். சாவியைத் திருப்பிக் கொடுக்காமல் அறையைக் காலி செய்துவிட்டுப் போகும் லாட்ஜ் வாடிக்கையாளர் மாதிரி. பெரும்பாலான போன்கள் போகும்போது "விடுவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. 50 பேர் வந்து போனால் கதை முடிந்தது. அதன் பிறகு கூட்ட நேரத்தில் நான்காவது கணினியைப் போட்டால் அதற்கு என்ன கிடைக்கும்?

போதாக்குறைக்கு, ஆண்ட்ராய்டு 10-இலிருந்தும் ஐஓஎஸ் 14-இலிருந்தும் போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து, ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. சில அமைப்புகளில் அதே வைஃபையிலேயே அவ்வப்போது மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன. ரவுட்டருக்கு மேக் முகவரிதான் அடையாளம். அது மாறினால் பழைய வாடிக்கையாளரே புது ஆளாகத் தெரிவார், இன்னோர் எண்ணும் போகும்.

ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாவது ஏன் என்பதும் இப்போது புரியும். பல வீட்டு ரவுட்டர்கள் யார் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலைத் தற்காலிக நினைவகத்தில்தான் வைத்திருக்கும். அணைத்ததும் பட்டியல் காலி, எல்லா எண்ணும் மறுபடி கையில். ஆனால் இதை வழக்கமான வைத்தியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ரவுட்டருக்கு மறந்துபோனாலும் மற்ற கணினிகளுக்கு மறக்காது. அவை பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருக்க, அதே எண்ணை ரவுட்டர் புதியவருக்குத் தூக்கிக் கொடுத்தால் ஐபி கான்ஃப்ளிக்ட் என்று அடுத்த தலைவலி.

கூட்ட நேரத்தில் டிஎச்சிபி கிளையன்ட் பட்டியலைத் திறந்து, எத்தனை பெயர் என்று எண்ணிப் பாருங்கள். நிரம்பியிருந்தால் என் ஊகம் சரி. திருத்தம் சுலபம்: வரம்பை 50 முதல் 230 வரை என்று விரிக்கலாம், லீஸ் நேரத்தை 1 அல்லது 2 மணியாகக் குறைக்கலாம். இரண்டில் லீஸைக் குறைப்பதுதான் உங்கள் கடைக்கு உண்மையான மருந்து. ரவுட்டரில் கெஸ்ட் நெட்வொர்க் வசதி இருந்தால் வாடிக்கையாளர்களை அங்கே தள்ளிவிடுவது இன்னும் நல்லது. மக்களின் ஆதார் நகலும் சான்றிதழும் கிடக்கும் கணினிகளோடு தெரியாத போன்கள் ஒரே நெட்வொர்க்கில் இருப்பது முகவரித் தட்டுப்பாட்டை விடப் பெரிய கவலை. நான்கு கணினிகளுக்கும் பிரிண்டருக்கும் அட்ரஸ் ரிசர்வேஷன் (இந்தச் சாதனத்துக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ரவுட்டரில் ஒதுக்கி வைப்பது) போட்டுவிடுங்கள். கணினியில் கையால் எண் போடுவதை விட இது மேல். எல்லாக் கணக்கும் ரவுட்டர் என்ற ஒரே இடத்தில் இருக்கும். ரிசர்வேஷன் போடப் போகும்போது குறிப்பிட்ட மேக் முகவரிகளைத் தடுக்கும் மேக் ஃபில்டர் ஏதாவது ஆனில் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பட்டியல் நிரம்பவில்லை, பிங்கும் போகிறது, ஆனாலும் முகவரி வரவில்லை, போன் டெதரிங்கிலும் வரவில்லை. அப்படியென்றால்தான் விண்டோஸுக்குள் போக வேண்டும். 'சர்வீசஸ்' பட்டியலில் டிஎச்சிபி கிளையன்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். கணினியை வேகப்படுத்துகிறேன் என்று சொல்லும் சில மென்பொருள்கள் தேவையற்றது என்று இதை நிறுத்திவிடும். ஆன்டிவைரஸ் அல்லது விபிஎன் போட்டிருந்தால் தற்காலிகமாக நிறுத்தினால் போதாது, அன்இன்ஸ்டால் செய்துதான் சோதிக்க வேண்டும். நிறுத்தினாலும் அவற்றின் ஃபில்டர் டிரைவர் நெட்வொர்க் கார்டின் மேல் உட்கார்ந்தே இருக்கும். பிறகு 'ஐபிகான்ஃபிக் /ரிலீஸ்', 'ஐபிகான்ஃபிக் /ரினியூ'. அதற்கும் மசியாவிட்டால் அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து 'நெட்எஸ்எச் இன்ட் ஐபி ரீசெட்' கொடுத்துக் கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கையால் போட்ட அமைப்புகள் போய்விடும் என்பதால் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே எல்லோரும் சொல்லும் 'வின்சாக் ரீசெட்' இந்த நோய்க்கு அநேகமாக உதவாது. செய்தால் பெரிய கெடுதல் இல்லை, அவ்வளவே.

எதிர்காலத்துக்கு இன்னொன்று. 169.254 இல்லாமல், சம்பந்தமில்லாத வேறு வரிசை, 192.168.0 என்று தொடங்குவது போல வந்தால், பதில் சொல்ல ஆளில்லாத நிலை அல்ல அது. இரண்டு பேர் பதில் சொல்கிறார்கள். வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி, அதன் டிஎச்சிபியை நிறுத்தாமல் லேன் போர்ட்டில் இணைத்தால் இப்படி ஆகும். பெரும்பாலும் யார் ஆஃபர் முதலில் வருகிறதோ அதையே கணினி எடுத்துக்கொள்ளும் என்பதால், ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. 'ஐபிகான்ஃபிக் /ஆல்' காட்டும் 'டிஎச்சிபி சர்வர்' வரியில் குற்றவாளியின் முகவரியே இருக்கும். 192.168.137 என்று தொடங்கினால் ரவுட்டரைத் தேடி அலைய வேண்டாம். ஏதோ ஒரு விண்டோஸ் கணினியில் இணையப் பகிர்வை ஆன் செய்து வைத்திருக்கிறார்கள்.

சோதனைக்காகப் போட்ட 192.168.1.240-ஐ மறக்காமல் எடுத்துவிட்டு, 'ஆட்டோமேட்டிக்' என்று திரும்ப மாற்றிவிடுங்கள். லீஸ் நேரத்தைக் குறைத்தாலும் முன்பே 24 மணிக்கு வாங்கிப் போனவர்களின் கணக்கு உடனே தீராது. ஆகவே மாற்றங்களைச் சேமித்தபின் இந்த ஒரு தடவை மட்டும், கடையை அடைக்கும் நேரத்தில், கணினிகளையும் நிறுத்திவிட்டு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கூட்ட நேரத்தில் நான்காவதைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் 169.254தான் என்றால், கையால் முகவரி போட்டபோது பிங் போனதா, அந்த நேரத்தில் கிளையன்ட் பட்டியலில் எத்தனை பேர் இருந்தார்கள், போன் டெதரிங்கில் முகவரி வந்ததா என்ற மூன்றையும் சொல்லுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.